உக்கிராணச் சாவி யாரிடம்?

கழுத்தில் தொங்கும் அட்டையைக் கதவோரத்துக் கறுப்புப் பெட்டியில் காட்டுகிறோம். பச்சை விளக்கு எரிகிறது, ‘டிக்’ என்று ஒரு சத்தம், கதவு திறக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரு நொடிகூட ஆவதில்லை. அதற்குள் ஒரு சின்ன விசாரணையே நடந்து முடிந்திருக்கும்.

விசாரிப்பது அந்தக் கறுப்புப் பெட்டி அல்ல. ரீடர் எனப்படும் அது பெரும்பாலும் அட்டையிலுள்ள எண்ணைப் படித்துக் கம்பி வழியே அனுப்புவதோடு சரி. முடிவெடுப்பது கன்ட்ரோலர் என்ற இன்னொரு கருவி. பொய்க்கூரைக்கு மேலேயோ மின்சார அறையிலோ ஓர் இரும்புப் பெட்டிக்குள் அது இருக்கும். எண் வந்து சேர்ந்ததும் அது கேட்பவை மூன்று கேள்விகள். இந்த எண் நம் பட்டியலில் உண்டா? உண்டென்றால் இந்தக் கதவுக்கு உண்டா? இந்தக் கதவுக்கு உண்டென்றால் இந்தக் கிழமையில், இந்த நேரத்தில் உண்டா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று வந்தால்தான் பூட்டுக்கு ஆணை போகும். ‘இல்லை’ என்று வந்தாலும் எந்த அட்டை, எந்தக் கதவு, எத்தனை மணி என்று குறித்து வைத்துக்கொள்ளும்.

அட்டைக்கு உங்கள் பெயர் தெரியாது. பழைய வகை அட்டைகள் பலவற்றில் இருப்பது 26 பிட் நீளமுள்ள ஓர் எண் மட்டுமே. கட்டடத்தைக் குறிக்க 8 பிட், ஆளைக் குறிக்க 16 பிட், எண் பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க 2 பிட். 16 பிட்டில் 65,536 எண்கள்தான் அடங்கும். அதற்கு மேல் அட்டைகள் தேவைப்பட்டால் கட்டட எண்ணை மாற்ற வேண்டும். அதிலும் 256-க்கு மேல் இடமில்லை. இந்த எண்ணைக் களவாடிப் போலி அட்டை செய்யும் வித்தைகள் தனிக் கதை. 2008-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகெங்கும் புழங்கிய ‘மைஃபேர் கிளாசிக்’ அட்டையின் மறையீட்டை உடைத்தார்கள். அந்தக் கட்டுரை வெளிவராமல் தடுக்க அட்டையின் சில்லைத் தயாரித்த என்எக்ஸ்பி நிறுவனம் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்துவிட்டது. அட்டைகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அட்டையும் அசல், அதை வைத்திருப்பவரும் அசல், ஆனால் கன்ட்ரோலரிடம் உள்ள பட்டியல் தப்பு என்றால் என்ன ஆகும்? இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

பட்டியலை முதலில் கணக்காகப் பார்ப்போம். 1971-ல் பட்லர் லாம்ப்ஸன் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர், அனுமதி என்ற விஷயத்தை ஒரு பெரிய கட்டமாக வரைந்து காட்டினார். அவர் யோசித்தது கணினிக்குள் இருக்கும் கோப்புகளைப் பற்றி. கதவுக்கும் அது அப்படியே பொருந்தும். இடப்பக்கம் ஆட்களை வரிசையாக எழுதுங்கள், மேலே கதவுகளை எழுதுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’. ஆயிரம் பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் 120 கதவுகள் இருந்தால் 1,20,000 கட்டங்கள். பகல், இரவு, விடுமுறை நாள் என்று மூன்றாகப் பிரித்தால் 3,60,000. இதை ஒவ்வொன்றாக யோசித்து நிரப்ப மனிதரால் ஆகாது.

ஆகாதபோது என்ன செய்வார்கள்? புதிதாகச் சேர்ந்தவரை அட்மின் மேசைக்கு அனுப்பி, “முத்து சாருக்கு இருக்கிற மாதிரியே இவருக்கும் போட்டுடுங்க” என்பார்கள். ஒரே சொடுக்கு, வேலை முடிந்தது. முத்து சாரோ பத்து வருடமாக அங்கே இருப்பவர். இடையில் ஆறு மாதம் கணக்குப் பிரிவில் உதவிக்குப் போனார்; அப்போது கொடுத்த அனுமதியை யாரும் திரும்ப எடுக்கவில்லை. சர்வர் அறை இடம் மாறியபோது மேற்பார்வை பார்த்தார். அதுவும் அப்படியே கிடக்கிறது. நேற்று வந்த பையனுக்கு இந்தப் பத்து வருடச் சேமிப்பு முழுவதும் ஒரு சொடுக்கில் கிடைத்துவிடுகிறது. அவன் எதையும் திருடவில்லை, கேட்கவும் இல்லை. நாளைக்கு இன்னொருவர் வந்து “அந்தப் பையனுக்கு இருக்கிற மாதிரி” என்பார்.

இந்தச் சிக்கலுக்கு ஒழுங்கான விடை 1992-ல் வந்தது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் பணியாற்றிய டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் கூன் இருவரும் ஒரு மாநாட்டில் அதை முன்வைத்தார்கள். ஆளுக்கு நேரடியாக அனுமதி கொடுக்காதே, பொறுப்புக்குக் கொடு, பிறகு ஆளைப் பொறுப்பில் அமர்த்து. 1996-ல் ரவி சாந்துவும் அவருடைய சகாக்களும் இதைப் படிப்படியான மாதிரிகளாக விரித்து எழுதினார்கள். 2004-ல் அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஆனது. கணினிக்காரர்கள் ‘ரோல்’ என்பது இந்தப் பொறுப்பைத்தான்.

நம் கல்யாண வீடுகளில் இந்த ஏற்பாடு வெகுகாலமாக உண்டு. உக்கிராண அறைச் சாவியைப் பெண்ணுக்குச் சித்தப்பாவோ மாமாவோ இடுப்பில் செருகிக்கொள்வார். தலைமைச் சமையல்காரர் என்னதான் பெரிய கை என்றாலும் சர்க்கரை வேண்டுமென்றால் இவரிடம்தான் வந்து நிற்க வேண்டும். சாவி அந்த மனிதருக்குக் கொடுத்ததல்ல, அந்த வேலைக்குக் கொடுத்தது. ராத்திரி அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அது இன்னொருவர் இடுப்புக்குப் போகும். கட்டுச்சாதம் கட்டி முடிந்ததும் மண்டபத்துக்காரரிடம் திரும்பிவிடும். இன்னொன்றும் உண்டு: சாவி வைத்திருக்கும் சித்தப்பா, தனக்கு வேண்டிய ஒருவருக்கு இன்னொரு சாவி வெட்டிக் கொடுக்க முடியாது. யாரிடம் சாவி இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் பெண்ணின் அப்பா. சாவியைப் பயன்படுத்துவது ஓர் உரிமை, சாவியை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது வேறோர் உரிமை. இந்த வேறுபாடு கல்யாண மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அலுவலகக் கட்டடங்களில் அடிக்கடி மறந்துபோகிறது.

கணக்கு எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். நம் கற்பனை அலுவலகத்தில் 15 பொறுப்புகள் என்று வைத்துக்கொள்வோம். பொறுப்புக்கும் கதவுக்கும் இடையே 1,800 முடிவுகள். ஆயிரம் பேரை ஆளுக்கொரு பொறுப்பில் அமர்த்த இன்னும் ஆயிரம். 1,20,000 கட்டங்கள் இருந்த இடத்தில் 2,800. இது ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துப் பார்க்கக்கூடிய அளவு. ஹவுஸ்கீப்பிங் என்ற பொறுப்புக்குக் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை எல்லாத் தளங்களும் உண்டு, சர்வர் அறை மட்டும் கிடையாது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். புதிதாக ஒரு கதவு போட்டாலும் 15 முடிவுகள்தான், ஆயிரம் அல்ல.

ஆனால் இந்த அழகு நீடிப்பதில்லை. “இவர் கணக்குப் பிரிவுதான், ஆனால் புதன்கிழமை மட்டும் கிடங்குக்குப் போக வேண்டும்” என்று ஒரு கோரிக்கை வரும். அதற்காக ‘கணக்கு-புதன்-கிடங்கு’ என்று ஒரு புதுப் பொறுப்பு முளைக்கும். மாதத்துக்கு நாலு இப்படி முளைத்தால், சில வருடங்களில் பொறுப்புகள் நூற்றுக்கணக்கில் பெருகிவிடும். பழைய கட்டமே வேறு வேஷத்தில் திரும்பி வந்த மாதிரிதான். இதற்கு மாற்றாக, ஆளின் துறை, பணி நேரம், இருப்பிடம் போன்ற குணங்களைப் பார்த்து அந்தந்த நேரத்தில் முடிவெடுக்கும் முறையைப் பற்றி நிஸ்ட் 2014-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பெரிய நிறுவனங்களுக்கு அது சரி. நடுத்தரக் கட்டடம் ஒன்றுக்கு என்னைக் கேட்டால், பொறுப்புகள் இருபதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, விதிவிலக்கு ஒவ்வொன்றுக்கும் முடிவு தேதி போட்டுவிடுவதே போதும். தேதி வந்ததும் அனுமதி தானாக உதிர்ந்துவிட வேண்டும்; யாரோ ஒருவர் ஞாபகம் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு வேலைக்காகாது.

அளவுக்கு மீறி இறுக்கினாலும் ஆபத்துதான். 1975-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் கணினிப் பாதுகாப்புக்கு எட்டு விதிகள் வகுத்தார்கள். வேலைக்குத் தேவையான அனுமதிக்கு மேல் ஒன்றும் கொடுக்காதே என்பது அவற்றில் புகழ்பெற்றது. அதே பட்டியலின் கடைசி விதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை: ஏற்பாடு, மனிதர்கள் எளிதாகக் கைக்கொள்ளும்படி இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை போகிற கதவுக்கு அனுமதி மறுத்துப் பாருங்கள். தீயணைப்பு உருளையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

இதுவரை பேசியதெல்லாம் கதவு வழியே நடப்பவர்களைப் பற்றி. ஒவ்வொரு கட்டடத்திலும் இரண்டாவதாக ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இருப்பவர்கள் கதவைத் திறப்பவர்கள் அல்ல, கதவுகளை ஆளும் மென்பொருளுக்குள் போகிறவர்கள். புது அட்டை பதிவது, பழையதை நிறுத்துவது, பொறுப்பை மாற்றுவது, இருந்த இடத்திலிருந்தே ஒரு கதவைத் திறந்துவிடுவது, கேமராவில் நேரலை பார்ப்பது, போன வாரப் பதிவை ஓட்டிப் பார்ப்பது, அதைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போவது, அலாரத்தை அணைப்பது, நடந்தவற்றின் பதிவேட்டைப் படிப்பது. இத்தனையும் தனித்தனி உரிமைகள். நல்ல மென்பொருள்கள் இவற்றைத் தனித்தனியாகவே பிரித்து வைத்திருக்கின்றன. நிறுவுகிறவர்கள்தான் அவசரத்தில் எல்லோருக்கும் ‘அட்மின்’ என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வாசலில் இருக்கும் செக்யூரிட்டிக்கு நேரலை தெரிய வேண்டும், அலாரம் அடித்தால் தெரிய வேண்டும். பழைய பதிவை வெளியே எடுத்துப்போகும் உரிமை அவருக்கு எதற்கு? வரவேற்பு மேசையில் இருப்பவர் விருந்தாளிக்கு அட்டை கொடுக்கட்டும். ஆனால் அந்த அட்டை கூடத்தையும் கூட்ட அறையையும் தாண்டக் கூடாது, மாலையில் தானாகச் செத்துவிட வேண்டும். மனிதவளப் பிரிவு ஆட்களைச் சேர்க்கலாம், நீக்கலாம். எந்தக் கதவு யாருக்கு என்பது அவர்கள் வேலை அல்ல. பராமரிப்புக்கு வரும் நிறுவனத்துக்காரர் கன்ட்ரோலரைத் திருத்தலாம். ஊழியர்களின் புகைப்படமும் வருகை நேரமும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. தணிக்கை செய்பவருக்கோ எல்லாம் தெரிய வேண்டும், ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியக் கூடாது. நிர்வாக இயக்குநருக்கு? அவருடைய அட்டை எல்லாக் கதவையும் திறக்கலாம். மென்பொருளுக்குள் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. பெரிய பதவி என்பதற்காகப் பெரிய உரிமை கொடுப்பதுதான் இந்தத் துறையில் நான் பார்க்கிற ஆகப் பொதுவான பிழை. அவருடைய கடவுச்சொல் அவருடைய உதவியாளரிடம் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம்.

இந்த இரண்டாவது பட்டியல் கோட்டைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2021 மார்ச் மாதம் ஒரு பாடம் கிடைத்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த வெர்காடா என்ற நிறுவனம் இணையவழிப் பாதுகாப்புக் கேமராக்களையும் கதவுக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் விற்கிறது. மருத்துவமனைகள், பள்ளிகள், சிறைச்சாலைகள், டெஸ்லா போன்ற நிறுவனங்கள் அதன் வாடிக்கையாளர்கள். ஊடுருவியவர்கள் எந்தக் கேமராவையும் உடைக்கவில்லை. வாடிக்கையாளர்களுக்கு உதவி செய்வதற்காக நிறுவனம் தனக்குள் வைத்திருந்த ‘சூப்பர் அட்மின்’ என்ற பொறுப்பு அவர்கள் கைக்கு வந்துவிட்டது. இணையத்தில் பாதுகாப்பின்றிக் கிடந்த ஒரு சர்வரிலிருந்து. சுமார் 1,50,000 கேமராக்கள் அவர்கள் பார்வைக்கு எட்டின. அந்தந்த மருத்துவமனையும் சிறையும் தங்கள் கட்டடத்துக்குள் யாருக்கு என்ன அனுமதி என்று கவனமாகவே பிரித்திருக்கலாம். அந்தப் பிரிவினை எல்லாவற்றுக்கும் மேலே, அவர்கள் பட்டியலில் இல்லாத ஒரு பொறுப்பு உட்கார்ந்திருந்தது. 2024-ல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுத்தது. இதில் ஒரு வேடிக்கை: 29.5 லட்சம் டாலர் அபராதம் விளம்பர மின்னஞ்சல் சட்டத்தை மீறியதற்காக. கேமரா விவகாரத்துக்குக் கிடைத்தது, ஒழுங்கான பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வகுத்து நடத்து என்ற உத்தரவு.

உரிமை கொடுக்கும் உரிமை ஏன் இவ்வளவு வழுக்குகிறது? இதற்குக் கணிதத்திலேயே ஒரு விடை இருக்கிறது. 1976-ல் மைக்கேல் ஹாரிசன், வால்டர் ரூஸோ, ஜெஃப்ரி உல்மன் மூவரும் லாம்ப்ஸனின் கட்டத்தை எடுத்துக்கொண்டு ஓர் எளிய கேள்வி கேட்டார்கள். இன்றைக்குக் கட்டம் சரியாக இருக்கிறது. ஆனால் அதை மாற்றும் விதிகளும் இருக்கின்றன: இவர் அவருக்கு அனுமதி தரலாம், அவர் புதிதாக ஒருவரைச் சேர்க்கலாம், இப்படி. இந்த விதிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொண்டே போனால், என்றைக்காவது ஒரு நாள், கிடைக்கக் கூடாத உரிமை கிடைக்கக் கூடாதவருக்குப் போய்ச் சேருமா? எந்த ஏற்பாட்டைக் கொடுத்தாலும் இதற்குத் தப்பாமல் விடை சொல்லும் ஒரு பொதுவான கணினி நிரல் இருக்கவே முடியாது என்று அவர்கள் நிறுவினார்கள். அனுமதிக் கட்டத்தையும் அதன் விதிகளையும் வைத்து ஆலன் டூரிங் வகுத்த கற்பனை இயந்திரத்தையே நடித்துக் காட்டிவிடலாம். அந்த இயந்திரம் எப்போதாவது நிற்குமா என்பதைப் பொதுவாகச் சொல்ல முடியாது என்பது 1936-லேயே தெரிந்துபோன விஷயம். ஆகவே இதையும் சொல்ல முடியாது.

இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அதே கட்டுரையில் ஆறுதலும் உண்டு. ஒரு விதி ஒரே ஒரு சின்ன மாற்றத்தை மட்டுமே செய்யலாம் என்று கட்டுப்படுத்தினால் விடையைக் கண்டுபிடித்துவிட முடியும். எல்லா ஏற்பாடுகளுக்கும் பொதுவான பதில் இல்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். உங்கள் கட்டடத்தின் ஏற்பாட்டுக்குப் பதில் இல்லை என்று சொல்லவில்லை. யார் யாருக்கு அனுமதி கொடுக்கலாம் என்பது எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதைச் சோதித்துப் பார்க்க முடியும். ஒரு தாளில் எழுத முடியாத அளவுக்கு அது சிக்கலானால், அதைப் புரிந்துகொண்டவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எளிமையாக்க ஒரு பழைய வழி உண்டு: ஒரே ஆளிடம் முழுச் சாவியைக் கொடுக்காதது. நம்மூர் வங்கிகளில் பணப் பெட்டக அறையை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு அதிகாரிகளிடம் தனித்தனிச் சாவிகள் இருக்கும்; இருவரும் வந்தால்தான் திறக்கும். ‘ஜாயின்ட் கஸ்டடி’ என்று வங்கிக்காரர்கள் சொல்வது இதைத்தான். இரண்டு சாவித் தத்துவம் கணினிக்கும் பொருந்தும் என்று கணினி அறிஞர் ரோஜர் நீதம் 1973-ல் எடுத்துக்காட்டியதாக சால்ட்ஸரும் ஷ்ரோடரும் எழுதியிருக்கிறார்கள். நாற்பது வருடம் கழித்து, 2013-ல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட விவகாரம் வெடித்த பிறகு, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை தன் கணினி நிர்வாகிகளுக்கு இருவர் விதியைக் கொண்டுவருவதாக அறிவித்தது. உளவு நிறுவனத்துக்கே அவ்வளவு தாமதமாகத்தான் புத்தி வந்தது.

கட்டடத்தில் இதை நடைமுறைப்படுத்துவது கடினமல்ல. அனுமதி கேட்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர், மென்பொருளில் பதிபவர் ஒருவர். மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அட்மின் தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொள்வதை மென்பொருளே தடுக்க வேண்டும். அட்மின் செய்த மாற்றங்களின் பதிவேட்டை அட்மினே அழிக்க முடியும் என்றால் அந்தப் பதிவேடு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

சாதாரண உரிமையிலிருந்து பெரிய உரிமையை வார்த்தெடுக்கும் கலை மின்னணுவுக்கு முந்தியது. இரும்புப் பூட்டிலேயே அது உண்டு. ஒரு விடுதியில் நூறு அறைகள், நூறு சாவிகள், எல்லாவற்றையும் திறக்கும் ஒரு மாஸ்டர் சாவி. இது எப்படி முடிகிறது? பூட்டுக்குள் ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. மாஸ்டர் சாவி உள்ள பூட்டில் ஊசிகள் இரண்டு உயரங்களில் வெட்டப்பட்டிருக்கும்: ஒன்று அறைக்காரரின் சாவிக்கு, ஒன்று மாஸ்டருக்கு. 2003-ல் அமெரிக்க மறையீட்டு அறிஞர் மாட் பிளேஸ் ஒரு கட்டுரை எழுதினார். உங்கள் அறைச் சாவியைப் போலவே ஒரு சாவி செய்யுங்கள். ஓர் ஊசிக்குரிய இடத்தை மட்டும் வெட்டாமல் விடுங்கள். அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவி, ஒவ்வொரு முறையும் உங்கள் பூட்டிலேயே போட்டுப் பாருங்கள். உங்கள் சாவியின் ஆழம் அல்லாத வேறோர் ஆழத்தில் பூட்டு திறந்தால், அந்த ஊசிக்கு மாஸ்டர் சாவியின் ஆழம் அதுதான். இப்படியே எல்லா ஊசிகளுக்கும். சில வெற்றுச் சாவிகள், ஓர் அரம், தன் சொந்த அறைக் கதவு. மாஸ்டர் சாவி கையில். கட்டுரை வந்ததும் பூட்டுத் தொழிலாளர்கள் கொதித்தார்கள். ‘இது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும், வெளியே சொல்வதுதான் தவறு’ என்பது அவர்களில் பலருடைய வாதம். தெரிந்தே விற்றார்கள் என்றுதானே அதற்குப் பொருள்?

மின்னணுப் பூட்டு வந்ததும் இது ஒழிந்ததா என்றால், இல்லை. 2018-ல் பின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவன ஆய்வாளர்கள் இருவர், உலகெங்கும் ஓட்டல்களில் இருந்த ஒரு வகைப் பூட்டை ஆராய்ந்து, காலாவதியான ஒரு சாதாரண அறை அட்டையிலிருந்தே ஓட்டல் முழுவதற்குமான மாஸ்டர் அட்டையை உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பூட்டுக்கு மென்பொருள் திருத்தம் வெளியிட முடிந்தது. இரும்புப் பூட்டென்றால் ஒவ்வொரு கதவிலும் பூட்டைக் கழற்ற வேண்டும்.

கொடுப்பதைவிடத் திரும்ப எடுப்பதுதான் கஷ்டம். கன்ட்ரோலர் ஒவ்வொன்றும் பட்டியலின் ஒரு பிரதியைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. மத்திய சர்வர் படுத்துவிட்டாலும் கதவுகள் வேலை செய்ய வேண்டுமே. இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஒருவரை நீக்கிய செய்தி எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் போய்ச் சேரும்வரை, இணைப்பு அறுந்து கிடக்கும் பின்வாசல் அவருக்குத் திறந்துகொண்டுதான் இருக்கும்.

ஓட்டல் கதவுகளில் இந்தச் சிக்கலுக்கு வெகு சாமர்த்தியமான ஒரு தீர்வு உண்டு. பெரும்பாலான ஓட்டல் பூட்டுகள் எந்தக் கம்பியோடும் இணைக்கப்படாமல் பேட்டரியில் ஓடுபவை. அப்படியானால் நேற்றுக் காலி செய்தவரின் அட்டை செல்லாது என்று பூட்டுக்கு யார் போய்ச் சொல்வது? அடுத்து வரும் விருந்தாளியே சொல்கிறார், தனக்குத் தெரியாமலே. அவருடைய அட்டையில் வரிசையின் அடுத்த குறி இருக்கும். அதைக் கண்டதும் பூட்டு ஒரு படி முன்னேறிப் பழைய குறியை மறந்துவிடும். 1970-களில் நார்வேயின் டோர் சோர்னஸ் கண்டுபிடித்த அட்டைப் பூட்டு இந்த வழிக்கு முன்னோடி. 32 துளை இடங்களைக் கொண்ட அந்த அட்டையில் துளை உண்டு, இல்லை என்று மாற்றி மாற்றிப் போட்டால் 429 கோடிக்கு மேல் வகைகள் வரும்.

அலுவலகங்களில் இப்படி அடுத்தவர் வந்து அழித்துத் தருவதில்லை. வேலையை விட்டவரின் அட்டை பெரும்பாலும் நின்றுவிடும். சம்பளப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கும்போது இதுவும் ஞாபகம் வரும். சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள்தான் விட்டுப்போகிறார்கள்: ஏசி மெக்கானிக், லிஃப்ட் பராமரிப்பு, மூன்று வருடத்துக்கு முன் ஒப்பந்தம் முடிந்த கேமரா நிறுவனம். 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடிப் பண அட்டைகளின் விவரங்கள் திருடுபோனபோது, திருடர்கள் உள்ளே நுழைந்தது குளிர்பதனப் பணி ஒப்பந்தக்காரர் ஒருவரின் கடவுச்சொல்லை வைத்துத்தான். அதைவிட மோசம், யாருமே மாற்றாத முதல் கடவுச்சொல். 2025-ல் வெளிவந்த ஒரு செய்தி: கனடா ஆய்வாளர் ஒருவர், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் இருக்கும் அழைப்புக் கருவி ஒன்றின் கையேட்டை இணையத்தில் தேடி எடுத்து, அதில் அச்சிட்டிருந்த கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தார். கனடாவிலும் அமெரிக்காவிலும் பல பத்துக் கட்டடங்களின் கட்டுப்பாட்டுத் திரை அப்படியே திறந்தது. கதவுகளும் லிஃப்டும் அதில் அடக்கம்.

எல்லாவற்றையும் மிகச் சரியாக இறுக்கி வைத்த இடத்தில் வேறொரு விபத்து காத்திருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்பின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளையால் ஃபேஸ்புக்கின் உள் வலையமைப்பே சுமார் ஆறு மணி நேரம் அறுந்துபோனது. சரிசெய்யப் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியிருந்தது. எளிதில் யாரும் நுழைய முடியாதபடி அந்த மையங்கள் கட்டப்பட்டிருந்ததால் தாமதமானது என்று நிறுவனமே பின்னர் எழுதியது. அலுவலகங்களில் ஊழியர்களின் அட்டைகள் வேலை செய்யவில்லை என்று பத்திரிகைச் செய்திகளும் வந்தன. அதாவது, வலையமைப்பைச் சரிசெய்யப் போகிறவருக்குக் கதவு திறக்க, அந்த வலையமைப்பே வேலை செய்ய வேண்டியிருந்தது. இதற்காகத்தான் விவரம் தெரிந்தவர்கள் ஓரிரு முக்கியக் கதவுகளுக்குச் சாதாரண இரும்புச் சாவி ஒன்றை உறையில் போட்டு முத்திரை வைத்து, எடுத்தால் கையெழுத்து என்று ஒரு பதிவேட்டோடு வைத்திருக்கிறார்கள்.

உள்ளே வருவதற்கு அனுமதி கேட்கலாம். வெளியே போவதற்குக் கேட்கக் கூடாது. மின்காந்தப் பூட்டு ஐந்நூறு கிலோ இழுவையைத் தாங்கிக் கதவைப் பிடித்திருக்கும். மின்சாரம் போனால் அந்தக் கணமே விட்டுவிடும். தீ எச்சரிக்கை ஒலித்தால் மின்சாரத்தைத் துண்டித்து அதை விடுவிக்கும்படி கம்பி இழுப்பது வழக்கம். இன்னொரு வகைப் பூட்டு, மின்சாரம் போனாலும் வெளியிலிருந்து பூட்டியே இருக்கும். உள்ளிருப்பவர் கைப்பிடியைத் திருகினால் போதும், திறந்துவிடும். எதுவானாலும் வெளியேறும் வழியில் அட்டை, கடவுச்சொல், பொறுப்பு எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்களின் கைப்பைகளைச் சோதிக்க வசதியாக எல்லோரையும் ஒரே வழியில் அனுப்புவது அங்கே நடைமுறை. பூட்டிய கதவின் சாவி ஒரு மேற்பார்வையாளரிடம் இருந்தது. அவர் வேறு வழியாகத் தப்பிப் போய்விட்டார். அன்று இறந்தவர்கள் 146 பேர், பெரும்பாலோர் இளம்பெண்கள். கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பது சந்தேகமறத் தெளிவாகவில்லை என்று அந்த வருட டிசம்பரில் அவர்கள் விடுதலையானார்கள்.

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலோ அலுவலகத்திலோ அட்டைப் பூட்டும் கேமராவும் இருந்தால், சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் யாரிடம் அட்டை இருக்கிறது என்ற பட்டியலைக் கேட்காதீர்கள். அதைத் தயாராக வைத்திருப்பார்கள். மென்பொருளுக்குள் போக யார் யாருக்குக் கடவுச்சொல் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுமதி கொடுக்க முடியும், பூட்டு மாட்டிய நிறுவனத்துக்கு இன்னும் உள்ளே போக வழி இருக்கிறதா, கையேட்டில் அச்சிட்ட கடவுச்சொல்லை மாற்றினார்களா என்று கேளுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாடிப்படிக் கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் விடை எழுத்தில் இல்லையென்றால், அந்தக் கூட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு தாள் போதும்.